இணங்குவதற்கென்று நியமிக்கப்பட்டவள்

தொலைபேசி மணி அடித்ததும், என் காரின் உத்தரவாதம் முடியப்போகிறது என்று சொல்லும் பெண்தான் என்று நினைத்தேன். வாரத்துக்கு மூன்று முறை கூப்பிடுவாள். பதிவு செய்து வைத்த குரல்தான். என்னிடம் காரும் கிடையாது. என் கணவர் மெர்ல் இறந்துபோன மறுமாதமே அவருடைய தம்பி மகன் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் அவள் பேசி முடிக்கும்வரை நான் போனை வைக்கமாட்டேன். ஒருத்தி அவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது பாதியில் வெட்டுவது நன்றாகவா இருக்கிறது?

அன்று கூப்பிட்டது நிஜ ஆள். எதிர்ச்சாரியில் இருக்கும் புனித ஒநேசிப்போரு செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளியின் தலைமை ஆசிரியர், டாக்டர் பிரூயிட். எதில் டாக்டர் என்று கேட்டால் பதில் ஆறு பாகங்களில் வரும் என்பதால் ஊரில் யாரும் கேட்பதில்லை.

"மிஸஸ் ஹாகன், மனுஷன் பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, கேக்கறதுக்கு ஒரு ஆள் தேவையாத்தான் இருந்திருக்கு..." என்று ஆரம்பித்தார்.

பதினோரு நிமிடம் பேசினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். விஷயம் இதுதான். அவர்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கணம், நடுப் பிள்ளைகளுக்குத் தர்க்கம், பெரிய பிள்ளைகளுக்கு நாவன்மை. கேட்பவரைப் பேச்சால் இணங்க வைக்கும் கலைக்கு அதுதான் பெயராம். இதுவரை பெற்றோரை உட்காரவைத்துப் பழகினார்கள். ஆனால் பெற்றோர் எல்லோரும் முன்னாலேயே இணங்கிவிட்டவர்கள். இணங்கியதால்தானே பிள்ளையை அங்கே சேர்த்தார்கள்! அங்கீகாரக் குழுவிலிருந்து வந்தவர்கள், "இன்னும் எதற்கும் இணங்கியிராத சாதாரண ஆள் ஒருவர் வேண்டும்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்களாம்.

"சபையில உங்கள நாலு வாரமா கவனிச்சேன். போதகர் பிரசங்கம் பண்றப்ப நீங்க ஒருத்தர்தான் வாட்ச்ச பாக்கல."

மெர்லுடைய கைக்கடிகாரத்தைத்தான் கட்டியிருந்தேன். அது நின்று இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதை நான் சொல்லவில்லை. "சரி" என்றேன். அன்று காலையிலிருந்து ஒரு மனுஷரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. பாதிதான் வெளியே வந்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

அந்தப் பள்ளி முன்பு மரச்சாமான் கடையாக இருந்தது. நாவன்மை வகுப்பின் பின்சுவரில், மூன்று பூச்சு வெள்ளையடித்த பிறகும், "மெத்தைகள் பாதி விலை" என்பது தெரியும். பெரிய வகுப்பில் ஐந்தே பிள்ளைகள். எனக்கு ஒரு மேடை, முதுகு நிமிர்ந்த நாற்காலி, "கேட்பவர்" என்று எழுதிய பித்தளை வில்லை, மூன்று சின்னக் கொடிகள். பேசுகிறவர் யோக்கியர் என்று தோன்றினால் நீலம். நெஞ்சு இளகினால் சிவப்பு. நியாயம் புரிந்தால் வெள்ளை. கூடவே பள்ளி முத்திரை போட்ட, கஞ்சி போட்டுத் தேய்த்த ஒரு கைக்குட்டை. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் டாக்டர் பிரூயிட் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஈரம் எவ்வளவோ அதற்கேற்ற மதிப்பெண்.

"ஒரே ஒரு விதிதான். கேட்பவர் பேசக்கூடாது" என்றார் அவர்.

"தும்மல் வந்தா?"

"தும்மலுக்குக் கருத்து கிடையாது. அது பரவாயில்ல. ஆனா நீங்க பேசிட்டா, பேசற மாணவர் சபைய கைவிட்டுட்டார்னு அர்த்தம். அதுக்கு பூஜ்யம். மூணு பூஜ்யம் வந்தா சான்றிதழ் கிடையாது."

முதல் நாள் திர்சா என்ற பெண் வந்து நின்றாள். ஒடிசலான உடம்பு, ஸ்வெட்டர் முழங்கையில் ஒட்டு. அம்மா இல்லாத பெண். பன்றிப்பண்ணை வைத்திருக்கும் மாமா வீட்டில் வளர்கிறாள். சூ ஃபால்ஸ் நகரத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வோம் என்று. இல்லையென்றால் பண்ணைதான். இவ்வளவும் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்று அவள் "உழைப்பின் மேன்மை" பற்றிப் பேச ஆரம்பித்தாள், இரண்டு வரி பேசினாள், என்னைப் பார்த்தாள், நிறுத்தினாள்.

"மிஸஸ் ஹாகன், அந்த நாற்காலி குத்துதா?"

"கொஞ்சம்" என்றேன்.

மற்ற நான்கு பிள்ளைகளும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். டாக்டர் பிரூயிட் பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"திர்சா, நீ இப்ப என்ன பண்ண?"

"கேள்வி கேட்டேன் சார்."

"எதுக்குக் கேட்ட?"

"தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சுக்கறதுக்குக் கேள்வி கேக்கறவன் தெரியாதவன். தெரியாதவங்கள உருவாக்கறதுக்கா இந்தப் பள்ளிக்கூடம் நடக்குது? நாவன்மையில கேள்விங்கறது கதவு மாதிரி வரைஞ்ச சுவர். யாரும் உள்ள வரக்கூடாது. பூஜ்யம்!"

ஒரே ஒரு "கொஞ்சம்". நான் சொன்னதற்கு அந்தப் பெண்ணுக்குத் தண்டனை. அன்று முழுவதும் என் நாக்கு எனக்கே வேண்டாதவள் போல வாய்க்குள் கிடந்தது.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியரின் மகன் அகஸ்டின் தொலைக்காட்சிக்கு எதிராகப் பேசினான். பதினேழு வயதுதான், ஆனால் கையை நீட்டினால் ஏதோ நாட்டையே யாருக்கோ தானமாகக் கொடுப்பதுபோல் இருக்கும். அந்தப் பெட்டி ஆத்துமாவைத் தின்னும் மிருகம் என்றான். அதன் முன்னால் தனியாகச் சாப்பிடுகிற விதவையைப் பற்றிப் பேசி, அவளுடைய கரண்டிச் சத்தம்வரை வர்ணித்தான். நான் மூன்று கொடியையும் தூக்கிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் பெட்டியைப் போர்வையில் சுற்றி, பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டுபோய், சபையின் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அதே அகஸ்டின் தொலைக்காட்சிக்கு ஆதரவாகப் பேசினான். இரண்டு பக்கமும் பேசவேண்டும் என்பது பாடத்திட்டமாம். அன்று அது தனிமையில் வாடுகிறவர்களுக்குத் தேவன் திறந்துவைத்த ஜன்னல். நான் அழுதுகொண்டே சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். காலையிலேயே யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் வைத்து டாக்டர் பிரூயிட்டிடம் சொன்னேன். வாசலுக்கு வெளியே பேசலாம் என்று எனக்கு அனுமதி உண்டு. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நெஜமாவே குடுத்துட்டீங்களா? மிஸஸ் ஹாகன், இதுதான் செயல்! முப்பது வருஷத்துல எங்க பேச்சக் கேட்டு யாருமே எதுவுமே செஞ்சதில்ல!"

"பெட்டி திரும்பக் கெடைக்குமா?"

"அகஸ்டினுக்கு கூடுதல் மதிப்பெண் குடுத்துடறேன்."

இதற்குப் பிறகு பள்ளிக்கு வேகம் வந்துவிட்டது. வகுப்பில் மட்டுமல்ல, கட்டிடத்துக்குள் எங்கே எதைச் சொன்னாலும் ஆறு பாகத்தில்தான் சொல்லவேண்டும் என்று புது விதி. முன்னுரை, விவரம், பிரிப்பு, நிரூபணம், மறுப்பு, முடிவுரை. கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிற பையன் "போகவேண்டாம் என்று சொல்வோரும் உளர்" என்கிற ஐந்தாம் பாகத்தில் கால்மாற்றி நின்றுகொண்டிருப்பான். ஆறாவது பாகத்துக்கு அவசியம் இல்லாமலே போனதும் உண்டு. ஒரு நாள் சமையற்கட்டில் மாக்கரோனி தீர்ந்துவிட்டது என்று அறிவிக்க அரைமணி நேரம் ஆனது. "தீரவில்லை என்போரும் உளர்" என்கிற மறுப்புப் பகுதி அவ்வளவு பலமாக இருந்ததால் பிள்ளைகள் பாதிப் பேர் தட்டோடு வரிசையிலேயே நின்றுவிட்டார்கள்.

பிப்ரவரியில் கொதிகலன் அறையிலிருந்து புகை வந்தது. வெளியே மூக்குமயிர் உறையும் குளிர். அறிவிக்கிற முறை அன்று அகஸ்டினுடையது.

"மரியாதைக்குரிய கேட்பவர் அவர்களே, சக மாணவர்களே! நெருப்பை மனுஷன் முதன்முதலாகக் கண்ட நாளை எண்ணிப் பாருங்கள்..."

எண்ணிப் பார்த்தேன். கண் எரிந்தது. அவன் புகையை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பிரூயிட் இருமிக்கொண்டே தலையாட்டி ரசித்தார். அப்போது திர்சா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"எழுந்திரிங்க மிஸஸ் ஹாகன், பொகை வருது. ஒங்க கோட் எங்க?"

"கதவுக்குப் பின்னாடி."

கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, பித்தான்களையும் போட்டுவிட்டு, வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசிப் பித்தானை அவள் போடும்போது எனக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை. ஒருவர் என் பித்தானைப் போட்டுவிட்டு எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வண்டி வந்து போயிற்று. பெரிய சேதம் இல்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் இருந்தது: திர்சா, பூஜ்யம். காரணம்: முன்னுரை இல்லை, வெறும் தகவல், தவிர, கேள்வி கேட்டுப் பதிலும் பெற்றது. அகஸ்டினுக்கு முழு மதிப்பெண், மறுப்புப் பகுதியைப் பார்க்கிங்கில் முடித்ததற்காக.

இரண்டு பூஜ்யம். இரண்டும் என் வாயால். மே மாதம் இறுதி உரை. அதில் இன்னொன்று விழுந்தால் சூ ஃபால்ஸ் கிடையாது.

நான் டாக்டர் பிரூயிட்டை மளிகைக் கடையில் மடக்கினேன். இறைச்சிப் பகுதி. அவர் வண்டி நிறைய சாமான். வீட்டில் ஏழு பிள்ளைகள்.

"டாக்டர், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கேட்டதுக்கு நான்தான் பதில் சொன்னேன். எனக்குப் பூஜ்யம் போடுங்க."

"கேட்பவருக்கு மதிப்பெண் கிடையாது மிஸஸ் ஹாகன். மேஜைக்கு மதிப்பெண் போடுவாங்களா?"

"அவ நல்ல பொண்ணு. நெசமாவே கேக்கறா."

"அதான் பிரச்சின."

"பைபிள்ல, கண்ணு தெரியாத ஆள்கிட்ட ஆண்டவர்கூட ஒனக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு நின்னாரே?"

அவர் வண்டியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினார். "அது முதல் நூற்றாண்டு. அப்போ அங்கீகாரக் குழு கிடையாது." பிறகு அன்பாகவே சொன்னார்: "இதப் பாருங்க. கேள்விக்குப் பதில் வந்துட்டா அது வெறும் உரையாடல். உரையாடல் எந்த வீட்டுல வேணும்னாலும் கெடைக்கும். அதுக்கு எதுக்குங்க ஒரு பள்ளிக்கூடம்?"

எந்த வீட்டில் வேண்டுமானாலும் கிடைக்கும் என்றார். என் கூடையில் ஒற்றைப் பன்றியிறைச்சித் துண்டு இருந்தது. கடைக்காரர் எனக்காக இரண்டு துண்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொடுத்திருந்தார். நான் அதன்மேல் ரொட்டியை நகர்த்தி வைத்தேன்.

மே மாதம் வரைக்கும் நான் வீட்டில் பேசாமல் இருக்கப் பயிற்சி செய்தேன். சிரிக்காதீர்கள், அது சுலபமில்லை. பேச ஆளில்லாத வீட்டில்தான் வாய் அதிகம் ஓடும். கெட்டிலிடம் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பேன். தபால்காரரின் வண்டியைப் பார்த்து "இன்னிக்கும் இல்லையா" என்பேன். எல்லாவற்றையும் நிறுத்தினேன். கார் உத்தரவாதப் பெண் "வணக்கம், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுவாள்; அந்த இடத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

இறுதி உரை சபைக் கூடத்தில் நடந்தது. கேரட் துருவிப் போட்ட ஜெல்லி, எலுமிச்சைக் கேக் துண்டுகள் எல்லாம் பின்மேஜையில் துணி மூடி இருந்தன. தீர்ப்புச் சொல்ல டாக்டர் பிரூயிட்டும் பள்ளிக் குழுவிலிருந்து இரண்டு பேரும். நான் மேடையில், கொடிகளோடு. திர்சாவின் மாமா கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அகஸ்டின் பேசிய நாற்பது நிமிடத்தை விட்டுவிடுகிறேன். எதைப் பற்றி என்று அன்றே யாருக்கும் நினைவில்லை. ஆனால் எல்லோரும் இணங்கினோம்.

திர்சா கடைசி. நோயாளிக்கு எதையும் சொல்வதற்குமுன் அவரைக் கேட்கவேண்டும் என்பதுதான் அவள் தலைப்பு. நன்றாகப் பழகியிருந்தாள். முன்னுரை பிசகவில்லை. விவரம், பிரிப்பு, எல்லாம் அட்டையில் எழுதியபடி. குழுக்காரர் ஒருவர் மற்றவரைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார். நிரூபணத்துக்கு வந்தாள். "உதாரணமாக" என்றாள். அட்டையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அங்கே தவறிவிட்டது.

"மிஸஸ் ஹாகன், சாயங்காலம் சாப்பிட உக்காந்தா நீங்க யார்கிட்ட பேசுவீங்க?"

கேட்டுவிட்டு நின்றாள். அது சுவரில் வரைந்த கதவு இல்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். நிஜமாகவே காத்திருந்தாள். பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கவேண்டும், காது இரண்டும் சிவந்துவிட்டன. டாக்டர் பிரூயிட் பென்சிலை எடுத்துத் தாள்மேல் வைத்துக்கொண்டார். பின்னால் மாமாவின் தொப்பி கீழே விழுந்தது.

பதில் எனக்குள் எழுந்து வந்துவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அதனால் அது சின்னப் பதிலாக இல்லை. மெர்லுடைய நாற்காலியில் தொடங்கி, இன்னும் எத்தனை உருளைக்கிழங்கு வேகவைப்பது என்று பிடிபடாததில் போய், அவர் உப்பைக் கேட்காமலே நான் நகர்த்திவைப்பதில் போய், தொண்டைவரை வந்து நின்றது. "யார்கிட்டயும் இல்லம்மா" என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. அவள் வாழ்க்கை அத்தோடு பண்ணைதான்.

கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கஞ்சி நாக்கில் ஒட்டியது. பல்லைக் கடித்தேன். கண்ணை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

பத்தொன்பது நொடி என்று பிறகு சொன்னார்கள். டாக்டரிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

திர்சா மூச்சை விட்டாள். "இந்த மாதிரி..." என்று மெல்ல ஆரம்பித்து, அட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுப்பு, முடிவுரை எல்லாம் முடித்து உட்கார்ந்தாள்.

டாக்டர் பிரூயிட் எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷமா நாவன்மை சொல்லித்தரேன். பதிலே எதிர்பார்க்காத ஒரு கேள்விய இவ்வளவு சுத்தமா யாரும் கேட்டு நான் பாத்ததில்ல! பத்தொன்பது நொடி! ஒருத்தரும் வாயத் திறக்கல. அந்த அம்மாவுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. இதுதான் வெற்றி! கேக்கறவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லாம ஆக்கறதுதான் கல்வி!"

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் விரித்தார்கள். ஈரத்தோடு பல் தடமும் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்சம் விவாதித்துவிட்டு, "மற்றவை" என்ற இடத்தில் எழுதி முழு மதிப்பெண் போட்டார்கள்.

பிறகு பின்மேஜையில் கூட்டம். திர்சா ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வில்லையைக் கழற்றிவிட்டேன், இனிமேல் பேசலாம். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"திர்சா, நீ கேட்டியேம்மா..."

"ஐயோ மிஸஸ் ஹாகன், மன்னிச்சுடுங்க! எனக்கு உயிரே போயிடுச்சு. நெசமாவே கேட்டுட்டோமோன்னு பயந்துட்டேன். டாக்டர் சொல்றாரு, அது கேள்வியே இல்லையாம்." சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முகமே வேறாக இருந்தது. "நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. சத்தியமா."

என் கையில் தட்டை வைத்து, விரல்களை ஒரு நொடி அழுத்தினாள். அதற்குள் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"சரிம்மா" என்றேன்.

ஆகஸ்டில் சூ ஃபால்ஸ் போனாள். நன்றாகப் படிக்கிறாளாம், நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதில் வகுப்பிலேயே முதலாம்.

செப்டம்பரில் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். நாவன்மைப் பாடத்தில் இப்போது புதிதாக ஒரு பயிற்சி உண்டு. அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். ஹாகன் இடைவெளி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இந்த வருஷம் எட்டுப் பேர். காலையில் ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நிற்பார்கள். வலது கையை நீட்டி, கண்ணைப் பார்த்து, "மிஸஸ் ஹாகன், சாயங்காலம் சாப்பிட உக்காந்தா நீங்க யார்கிட்ட பேசுவீங்க?" என்பார்கள். நான்கு நொடி. அதற்குமேல் காத்திருந்தால் மதிப்பெண் குறையும். பிறகு அடுத்த ஆள்.

நான் வாய் திறப்பதில்லை. அந்த நான்கு நொடியில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். முதலில் "மெர்ல் இருந்தப்ப" என்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். இப்போது வேகம் வந்துவிட்டது. நேற்று எட்டாவது பையன் கொஞ்சம் தடுமாறி ஒரு நொடி கூடுதலாக நின்றான். உருளைக்கிழங்கு வரைக்கும் வந்துவிட்டேன்.

அவனுக்கு மூன்று கொடியையும் தூக்கினேன்.